வாசகர் கேள்வி – பதில்: கொழும்பில் கூடுவது யார்?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் முன்பு பன்னிரண்டு தனி வீடுகள் இருந்தன; அவற்றில் ஆறு இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகளாகிவிட்டன. அரை மணி நேரம் மழை பெய்தால் மூலை வீட்டுப் படலையடியில் கணுக்காலளவு நீர் நிற்கிறது. கொழும்பின் சனத்தொகை இப்படியே பெருகினால் இன்னும் முப்பது ஆண்டுகளில் என்ன ஆகும்? யாராவது திட்டமிடுகிறார்களா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மழைநீரைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, சனத்தொகையைப் பற்றிச் சொல்வதில்தான் ஒரு திருத்தம் உண்டு. ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மாநகர சபை எல்லைக்குள் 2001இல் ஆறு இலட்சத்துக்கும் அதிகமானோர் வசித்தனர். 2012 குடிசன மதிப்பீட்டில் அது சுமார் 5.6 இலட்சமாகக் குறைந்திருந்தது. உங்கள் ஒழுங்கை நிரம்புவது உண்மையே, ஆனால் அதே காலத்தில் காணி விலைக்கு ஈடுகொடுக்க முடியாத குடும்பங்கள் கடுவெல, மஹரகம, ஹோமாகம என்று வெளியே போய்க் குடியேறின. அவர்களுடைய தொழில் மட்டும் கொழும்பிலேயே தங்கிவிட்டது. காலை ஏழரை மணிக்கு நுகேகொடையில் நின்று, 138ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருபவர்களைப் பாருங்கள். இரவில் உறங்குபவர்களை மட்டும் எண்ணும் கணக்கு இவர்களைத் தவறவிட்டுவிடுகிறது. குடிநீர், கழிவறை, வீதி, குப்பை ஆகிய அனைத்தையும் இவர்களுக்கும் சேர்த்தே நகரம் வழங்க வேண்டியுள்ளது.

திட்டங்களுக்குக் குறைவே இல்லை. 1921இல் பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் பூங்கா நகரமொன்றை வரைந்தார். 1948இல் இன்னொரு பிரித்தானியத் திட்டமிடலாளர் பற்றிக் அபர்குரொம்பி, நெரிசலைக் குறைக்க இரத்மலானை, ராகம, ஹோமாகம ஆகிய இடங்களைத் துணை நகரங்களாக வளர்க்கச் சொன்னார். (கொழும்புக்கு வாய்த்த பற்றிக்குகள் இருவர்!) 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது, 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்கு இடம் மாறியது, 2016இல் மேல் மாகாணம் முழுவதற்கும் மாநகரத் திட்டம் வந்தது. என் பார்வையில் குறை வரைபடத்தில் இல்லை. மாநகர சபையின் அதிகாரம் அதன் எல்லையோடு நின்றுவிட, வளர்ச்சியோ எல்லைக்கு அப்பால் வேறு வேறு சபைகளின் கீழ் நடக்கிறது. வெள்ளம் இந்த எல்லைகளை மதிப்பதில்லை.

உங்கள் படலையடிக்கே வருவோம். முற்றமும் கிணற்றடியும் மாமர நிழலுமாக இருந்த காணி மழையில் பாதியையாவது உறிஞ்சியது. சீமெந்து வாகனத் தரிப்பிடம் ஒரு சொட்டையும் உறிஞ்சாது. மறுபுறம், கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது, தனி வீடுகளின் காலத்துக்கு உரியது. ஆகவே மாடிகளுக்கு அனுமதி வழங்குமுன் அந்த ஒழுங்கையின் வடிகாலும் குழாயும் தாங்குமா என்று பார்ப்பதே நீண்டகாலத் திட்டமிடலின் முதற்படி. அடுத்தது, எஞ்சியுள்ள சதுப்பு நிலங்களை நிரப்பாமல் விடுவது. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதையும் அதோடு சேர்த்து நினைவிற்கொள்வது நல்லது.

குப்பையைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எவரும் மறக்கவில்லை.

கேள்வி: மாலபேக்கு வரவிருந்த இலகு ரயில் என்னவாயிற்று?
– வாசகர், தலாஹேன

பதில்: ஜப்பானியக் கடனுதவியுடன் கொழும்பு கோட்டையிலிருந்து மாலபே வரை திட்டமிடப்பட்ட அந்தப் பாதை 2020 செப்டெம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. ரயில் எப்போது வந்தாலும் வரட்டும், அது செல்ல வேண்டிய நிலத்திலாவது இன்றே கட்டடம் எழும்ப விடக்கூடாது. பிறகு அதை மீட்க ஆகும் நட்டஈடு தண்டவாளச் செலவையே மிஞ்சிவிடலாம்.