வந்தது பதிலா, எதிரொலியா?

கேள்வி: ஐகாம் ஐசி-7300 ரேடியோவின் ரிமோட் துளையில் கேபிள் செருகி, பைத்தான் நிரலால் அதிர்வெண்ணை மாற்றுகிறேன். சில சமயம் எஃப்பி வருகிறது, சில சமயம் எஃப்ஏ, சில சமயம் ஒன்றுமே இல்லை. டயலைத் தொட்டால் எல்லாம் குழம்புகிறது. எதை நம்புவது?
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: எஃப்பி என்றால் ‘ஏற்றேன்’, எஃப்ஏ என்றால் ‘முடியாது’. இது உங்களுக்கே தெரியும். ஆனால் வரும் பைட்டுகளில் இந்த இரண்டையும் தேடுவதற்கு முன், அந்தச் செய்தி யாருக்கு வந்தது என்று பாருங்கள். குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

14.200 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்ற நீங்கள் அனுப்புவது இது:

எஃப்இ எஃப்இ 94 இ0 05 00 00 20 14 00 எஃப்டி

எஃப்இ எஃப்இ செய்தியின் தொடக்கம், எஃப்டி முடிவு. 94 ரேடியோவின் முகவரி, இ0 உங்கள் கணினி. 05 அதிர்வெண்ணை மாற்றும் கட்டளை, அதன் பின் வருவது அதிர்வெண். ரிமோட் துளையில் அனுப்பவும் பெறவும் ஒரே கம்பி என்பதால், அனுப்பிய இதே வரி முதலில் உங்களிடமே திரும்பி வரும். இது பதில் அல்ல, எதிரொலி. அதற்குப் பிறகு வருவதுதான் பதில்:

எஃப்இ எஃப்இ இ0 94 எஃப்பி எஃப்டி

முகவரிகள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். டயலைத் திருப்பும்போது ரேடியோ தானாகவே புது அதிர்வெண்ணை அறிவிக்கும். அதில் பெறுநர் முகவரி 00, அதாவது எல்லோருக்கும். நிரல் இதைப் பதிலாக எடுத்துக்கொண்டால் அடுத்தடுத்த பதில்களும் ஒன்று தள்ளிப்போகும். சிஐ-வி என்பது ஐகாம் ரேடியோவும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை. மெனுவில் இந்தத் தானியங்கி அறிவிப்பைத் தரும் சிஐ-வி டிரான்ஸீவை அணைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எஃப்டி வரும்வரை சேர்த்து, மூன்றாவது பைட் இ0, நான்காவது 94 என்று இருந்தால் மட்டும் உள்ளே பாருங்கள்.

எஃப்ஏ வந்தால் அதே கட்டளையைத் திரும்ப அனுப்புவது பெரும்பாலும் வீண். ரேடியோ கேட்டுவிட்டுத்தான் மறுத்திருக்கிறது. எல்லைக்கு வெளியே உள்ள அதிர்வெண், பைட் குறைவு, அந்த மாடலில் இல்லாத துணைக் கட்டளை, இவற்றில் ஒன்றாக இருக்கும். எண்களை இரண்டிரண்டு இலக்கமாகப் பின்னிருந்து அடுக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒன்றுமே வராவிட்டால் கதை வேறு. வேகம் பொருந்தவில்லை, முகவரி தவறு, அல்லது செய்தி வழியில் சிதைந்துவிட்டது. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவினாடிதான். 200 மில்லிவினாடி காத்தும் வராவிட்டால் மறுபடி அனுப்பலாம். அப்புறம் 03 கட்டளையால் அதிர்வெண்ணை வாசித்துச் சரிபாருங்கள். இதற்கு எஃப்பி வராது, அதிர்வெண்ணே பதிலாக வரும்.

ஒலிபரப்பை நிறுத்தும் 1சி 00 00 கட்டளையில் மட்டும் சோம்பல் கூடாது. எஃப்பி வரும்வரை விடாமல் அனுப்புங்கள். பதில் தொலைந்ததை நிறுத்தியதாக எண்ணிக்கொண்டால் ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும்.

ஒலிபரப்பும்போது மட்டும் பதில் காணாமல் போகிறதா? வீவக அடுக்குமாடி வீட்டில் ஆன்டெனாவும் கணினியும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கும். நிரலைத் திருத்துவதற்கு முன் 100 வாட்டை 10 வாட்டாக இறக்கிப் பாருங்கள். பதில் ஒழுங்காக வந்தால், ஒலிபரப்பு அலைதான் கேபிளில் ஏறிச் செய்தியைக் கெடுக்கிறது. அதைத் தடுக்கும் ஃபெரைட் கிளிப்பைக் கேபிளின் இரு முனைகளிலும் மாட்டுங்கள். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் விசாரித்துப் பாருங்கள்.