ஒரே தட்டலுக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: ஈரோட்டில் நானும் நண்பரும் சேர்ந்து மளிகைச் செயலி ஒன்று செய்திருக்கிறோம். ஒரே தட்டலில் ஆர்டர் போய்விடும். “இதுக்கு அமேசான்கிட்ட பேடன்ட் இருக்கு, லைசென்ஸ் வாங்கித் தர்றேன், உங்க செயலிக்கு உலக பேடன்ட்டும் எடுத்துத் தர்றேன்” என்று ஓர் ஆலோசகர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். ‘ஒன் கிளிக்’ முறைக்கு அமேசான் 1997-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. 1999-ல் காப்புரிமை கிடைத்தது. கையோடு பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற போட்டிப் புத்தகக் கடை மீது வழக்கு. ஆப்பிள்கூட 2000-ல் லைசென்ஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் காப்புரிமையின் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். 2017 செப்டம்பரோடு முடிந்தது. செத்த மாட்டுக்குத் தரகு கேட்கிறார் உங்கள் ஆலோசகர்.

‘உலக பேடன்ட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்ற ஏற்பாட்டில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடலாம். தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அலுவலகம்தான். விண்ணப்ப ரசீதை ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட்டு போனை எடுக்காதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் ஆலோசகர் பதிவு பெற்ற காப்புரிமை ஏஜென்டா? பட்டியல் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. மேலும், நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி வணிக முறையும் வெறும் கணினி நிரலும் கண்டுபிடிப்பே அல்ல; காப்புரிமை கிடைக்காது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம். நீங்கள் ஈரோட்டில் உட்கார்ந்து எழுதினாலும், அமெரிக்காவில் ஒருவர் உங்கள் செயலியை இறக்கிப் பயன்படுத்தினால் அந்த ஊர்க் காப்புரிமைக்காரர் உங்களைத் தேடி வரலாம். 2011-ல் லாட்சிஸ் என்ற நிறுவனம், செயலிக்குள் வாங்கும் பொத்தான் தன் காப்புரிமைக்குள் வருகிறது என்று சொல்லிச் சின்னச் சின்ன ஐபோன் டெவலப்பர்களிடம் பணம் கேட்டது. பிரிட்டனில் இருந்தவருக்கும் கடிதம் போனது. இப்படிப்பட்ட பொத்தானுக்கெல்லாம் முத்திரை குத்திக் கொடுத்த அதிகாரிகளை என்ன சொல்ல! திரையை விரலால் தள்ளித் திறக்கும் ஆப்பிள் காப்புரிமையையே எடுத்துக்கொள்ளுங்கள். நியோநோட் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் போனில் அது முன்பே இருந்தது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015-ல் செல்லாது என்றது; அமெரிக்காவிலோ 2014-ல் அதையும் சேர்த்து, ஆப்பிளுக்கு 11.96 கோடி டாலர் இழப்பீடு கொடு என்று சாம்சங்கிடம் நடுவர் குழு சொன்னது.

உங்கள் மளிகை ஈரோட்டைத் தாண்டாது. பிளே ஸ்டோரின் நாடுகள் பட்டியலில் இந்தியாவை மட்டும் வையுங்கள்.

ஆலோசகரிடம் காப்புரிமை எண் கேளுங்கள். 5,960,411 என்பார். கூகுள் பேடன்ட்ஸில் தேடினால் காலாவதி என்று வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கே அனுப்புங்கள்.