குழாய்வழி உணவு: அளவைக் குறைத்தால் பட்டினி போட்டதாகுமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, எடை 12 கிலோ. மூளை படிப்படியாகச் சிதையும் நோய். குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். 4 மாதமாக மூக்குக் குழாயில் தினமும் 5 வேளை, வேளைக்கு 200 மில்லி கொடுக்கிறோம். இப்போது அடிக்கடி வாந்தி. குறைத்தால் பட்டினி போடுவது போல இருக்கிறது. வயிற்றில் குழாய் வைத்தால் சரியாகுமா?

பதில்: முதலில் மலச்சிக்கலைப் பாருங்கள் அம்மா. படுத்தே இருக்கும் பிள்ளைகளின் வாந்திக்கு அது முக்கியக் காரணம், பலரும் கவனிப்பதில்லை. அது இல்லையென்றால் அதே உணவை 125 மில்லியாக 8 வேளைக்குப் பிரித்துக் கொடுங்கள். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாதீர்கள். வயிற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும். 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம்.

வாந்தி எடுத்தால் குழாய் இடம் மாறக்கூடும். ஒவ்வொரு வேளைக்கு முன்னும், வாந்திக்குப் பின்னும் மூக்கருகே உள்ள அளவுக்குறியைப் பாருங்கள். குழாய் வழியே வயிற்று நீரைச் சிறிது உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் சோதியுங்கள், 5.5-க்குக் கீழ் இருந்தால்தான் உணவு. காற்றடித்துச் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம், நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்தால் அளவு ஏறிக் காட்டும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தி பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனை.

வயிற்றுக் குழாய் மூக்குப் புண்ணையும், அடிக்கடி குழாய் மாற்றும் வேதனையையும் தவிர்க்கும். எதுக்களிப்பையோ எச்சில் புரையேறுவதையோ தடுக்காது. மயக்க மருந்து தேவை. இன்னும் பல மாதங்கள் எதிர்பார்க்கும் நிலையில் அது பயன்படும். சில வாரங்கள்தான் என்றால் மூக்குக் குழாயே போதும். வைத்துக்கொண்டால் ஒன்று நினைவிருக்கட்டும்: முதல் சில வாரங்களில் குழாய் கழன்றால் நீங்களே செருகாதீர்கள், வழி மாறி இரைப்பைக்கு வெளியே, வயிற்றறைக்குள் போய்விடக்கூடும். துளை ஆறிய பிறகு கழன்றால் சில மணி நேரத்தில் சுருங்கிவிடும், எனவே மாற்றுக் குழாய் கையில் இருக்க வேண்டும்.

பட்டினி என்று சொன்னீர்களே. நோய் முற்றும்போது குடல் மந்தமாகிவிடும். பிரித்துக் கொடுத்தும் வயிறு உப்புகிறது, வலியில் முகம் சுளிக்கிறான், தொண்டையில் சளி கரகரக்கிறது என்றால் அவன் உடலுக்கு அந்த அளவு தாங்கவில்லை. அப்போது பாதியாகக் குறைப்பதும், சில வேளை நிறுத்திப் பார்ப்பதும் சிகிச்சையே. வேதனையைத் தணிக்கும் தணிப்புச் சிகிச்சை மருத்துவரோடு பேசிச் செய்யுங்கள். நிம்மதியாக இருந்தால் மறுபடி கூட்டவும் முடியும். வலி, வலிப்பு மருந்துகளை மட்டும் விடாதீர்கள். அவற்றை உணவில் கலக்காமல் தனியாகக் கொடுத்து, 10 மில்லி தண்ணீர் விடுங்கள். உதட்டையும் நாக்கையும் ஈரப் பஞ்சால் அடிக்கடி ஒற்றியெடுங்கள்.