பட்டன் வைத்த கேமிங் போன்: கேள்விகளும் பதில்களும்

ரிச்சி தெருவில் பதினைந்து வருடமாக போன் சர்வீஸ் பார்க்கிறேன். விளையாடுவதற்கென்றே பட்டன் வைத்துச் செய்த போன்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தாம்பரம், கல்லூரி மாணவர்: அண்ணா, பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்காக, ஓரத்தில் ட்ரிக்கர் பட்டன் வைத்த போன் வாங்கணும். இருக்கிற போனிலேயே கேம்பேட் மாட்டினாலும் அதே வேலைதானே?

இல்லை தம்பி, ரெண்டும் வேறு. கேம்பேட், அதாவது தனியாக வாங்கி மாட்டும் கண்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால், 'இந்தப் பட்டன் அழுத்தப்பட்டது' என்று கேமுக்குச் செய்தி போகும். அதை கேம் ஏற்றுக்கொண்டால்தான் வேலை நடக்கும். பிஜிஎம்ஐ ஏற்பதில்லை. போனோடு வரும் ட்ரிக்கர் அப்படியில்லை. திரையில் சுடும் பட்டன் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தை நீயே ட்ரிக்கருக்குக் குறித்து வைக்கிறாய். அழுத்தும்போது அங்கே விரல் பட்ட மாதிரி போன் சொல்கிறது. அதனால் கண்ட்ரோலரை ஏற்காத கேமிலும் ஓடும். நாலு விரலை நகம் மாதிரி மடக்கித் திரையில் வைக்கும் 'கிளா' பிடியின் சிரமமும் குறையும்.

கேம்பேட் பட்டனைத் திரைத் தொடுதலாக மாற்றுகிற மேப்பிங் ஆப் எதையாவது போட்டு பிஜிஎம்ஐயில் ஓட்டிப் பார்க்காதே, உன் கேம் கணக்கே பறிபோகலாம். கால் ஆஃப் டூட்டி மொபைல் என்றால் கதை வேறு. 2019 நவம்பரிலிருந்தே அது கண்ட்ரோலரை ஏற்கிறது. கண்ட்ரோலரில் ஆடுகிறவர்களை அதே மாதிரி ஆட்களோடுதான் சேர்த்துவிடும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. எந்த கேம் என்பதை முதலில் முடிவு செய், அப்புறம் போனைப் பார்க்கலாம்.

வண்ணாரப்பேட்டை: மே மாதம் வந்தால் கை வேர்த்து டச் வழுக்குகிறது. விரலுக்கு உறை போட்டும் பார்த்துவிட்டேன். ட்ரிக்கர் போன் உதவுமா?

எந்த வகை ட்ரிக்கர் என்பதைப் பொறுத்தது. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ரெட்மேஜிக் போன்களின் ஓரத்தில் இருப்பது திரையைப் போலவே தொடு உணர்வில் வேலை செய்வது. ஈரம் பட்டால் அதுவும் தடுமாறலாம். ஆசுஸ் ராக் போனில் 2018 முதல் மாடலிலிருந்தே அல்ட்ராசோனிக் சென்சார். அது விரலின் அழுத்தத்தைப் பார்க்கிறது. மூன்றாவது வகை நிஜமான பட்டன். பிளாக் ஷார்க் 4, 2021ல் இங்கே விற்ற போக்கோ எஃப்3 ஜிடி இரண்டிலும் சின்ன லீவரைத் தள்ளினால் பட்டன் மேலே எழும்பி வரும். அழுத்தினால் விரலுக்கே 'டக்' என்று தெரியும். வியர்வையெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. நம் ஊர் வெயிலுக்கு நான் அதைத்தான் கையில் எடுப்பேன். பழைய போன்கள் என்பதால் பேட்டரி நிலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மயிலாப்பூர்: சார், பர்மா பஜாரில் பழைய எக்ஸ்பீரியா பிளே ஒன்று பார்த்தேன். ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?

ஆசைக்கு வாங்குங்கள் சார், தினசரி போனாக வேண்டாம். 2011ல் சோனி எரிக்சன் செய்தது. நாலு அங்குலத் திரையை மேலே தள்ளினால் அடியில் முழு கேம்பேட்: திசைப் பட்டன்கள், வலப்பக்கம் நாலு பட்டன், நடுவில் ரெண்டு தொடு வட்டங்கள், மேல் விளிம்பின் இரு ஓரத்தில் எல் (இடது), ஆர் (வலது) பட்டன்கள். ரேம் 512 எம்பிதான். முதல் பிளேஸ்டேஷன் காலத்து விளையாட்டுகள் அதில் அழகாக ஓடும். ஆண்ட்ராய்டு 2.3ல் வந்தது. 4.0 தருவதில்லை என்று 2012ல் சோனியே கைவிட்டுவிட்டது. அந்தப் போனுக்கு அது நேர்ந்திருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால், 2003ல் நோக்கியா என்-கேஜ் வந்தது. வேறு கேம் போட வேண்டுமென்றால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துத்தான் கார்டை மாற்ற வேண்டும். பேசும்போது போனை விளிம்பாகத் திருப்பிக் காதில் வைக்க வேண்டும். அடுத்த வருடமே க்யூடி மாடலில் ரெண்டையும் சரிசெய்தார்கள்.

ஸ்லைடு போன் எதுவானாலும் பார்க்க வேண்டியது ஸ்ட்ரிப். மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்கிற மெல்லிய கேபிள் அது. தள்ளும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கிறது. ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த ஸ்லைடு போன், மூடியிருந்தால் நன்றாக இருந்தது. பாதி திறந்தால் திரையில் வெள்ளைக் கோடுகள். பிரித்து, ஸ்ட்ரிப்பை லென்ஸுக்கு அடியில் வைத்து மெதுவாக வளைத்தேன். மடிப்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல். வளைக்கும்போது வாய் திறந்து, விட்டதும் மூடிக்கொண்டது. மாற்று ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் தேடியும் கிடைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அதனால், திரை எரியும்போதே இருபது தடவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு தடவை மின்னினாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அம்பத்தூர், ஒரு அம்மா: பத்தாவது படிக்கிற மகன் முப்பதாயிரம் ரூபாய் கேமிங் போன் கேட்கிறான்.

வேண்டாம்மா. வீட்டில் இருக்கும் போன் ஓரளவு நல்லதென்றால், ரெண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு கண்ட்ரோலர் போதும். பரீட்சை நேரத்தில் கழற்றி பீரோவில் வைத்துவிடலாம்.

போரூர்: ப்ளூடூத் கேம்பேடா, டைப்-சியா?

டைப்-சி. தாமதம் குறைவு, தனியாக சார்ஜ் போட வேண்டாம். ஜாய்ஸ்டிக் ஹால் எஃபெக்ட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். காந்தத்தை வைத்து நிலையை அறிவதால் தேய்மானம் இல்லை, சீக்கிரம் டிரிஃப்ட் ஆகாது, அதாவது தொடாமலே தானாக நகராது.

ஆவடி: தினமும் மின்சார ரயிலில் பவர்பேங்க் மாட்டிக்கொண்டே ஆடுகிறேன். அரைமணியில் கேம் திக்கித் திக்கி லேக் ஆகிறது.

சூடுதான் காரணம். சிப் வெந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சார்ஜ் ஏறும் பேட்டரியும் சேர்ந்து சுடுகிறது. சில கேமிங் போன்களில் பைபாஸ் சார்ஜிங் உண்டு, அதில் மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேராக போர்டுக்குப் போகும். உங்கள் போனில் அது இல்லையென்றால் ரயில் ஏறும் முன்பே சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். தடித்த கவரைக் கழற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள்.

திருவல்லிக்கேணி: மெரினாவில் போன் மணலில் விழுந்தது. இப்போது ஆர் பட்டன் அழுத்தினால் கரகரவென்கிறது.

முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். பட்டனுக்கு அடியில் குவிந்த ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. மணல் அதற்குள் போனால் ஒவ்வொரு அழுத்தமும் கீறும். போனை அணைத்து, பட்டன் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் விளிம்பைத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். தின்னர் வேண்டவே வேண்டாம், ரப்பர் உருகிவிடும். அப்படியும் கரகரத்தால் பிரித்து ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத்தான் கழுவ வேண்டும். கடல் உப்பு உள்ளே இருந்தால் பச்சை பூத்துவிடும், நாள் கடத்தாமல் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள்.