மூன்று முறை பார் தேர்வில் தவறிய மகளை எம்.பி.ஏ.வில் சேர்க்கலாமா?

அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு எம்.பி.ஏ. வேண்டாம். உங்கள் மகள் 2023-இல் சட்டப் படிப்பை முடித்து, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் கர்நாடக பார் கவுன்சிலில் பதிவும் செய்து, பெங்களூர் மேயோ ஹால் கோர்ட்டில் ஒரு சீனியர் வக்கீலிடம் தினமும் போய்க்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் படித்த படிப்பு, அதற்குமேல் கோர்ட்டில் கற்றுக்கொண்ட வேலை, இரண்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு இன்னொரு இரண்டு வருடப் படிப்புக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால், பார் தேர்வு ஏன் மூன்று முறையும் போயிற்று என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் வரும் பெரும்பாலான குடும்பங்கள் இதை மட்டும் செய்திருக்காது. அடுத்த முறை இன்னும் நிறையப் படி என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், பிள்ளையும் அதே நோட்ஸை இன்னும் அதிக நேரம் படித்திருக்கும்.

அகில இந்திய பார் தேர்வு, அதாவது சட்டம் படித்தவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய தேர்வு, 100 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பொதுப்பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். குறிப்போ விளக்கவுரையோ இல்லாத பேர் ஆக்ட், அதாவது வெறும் சட்டப் பிரதி, அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுத அனுமதி உண்டு. இதைக் கேட்டதும் "புத்தகத்தைப் பார்த்து எழுதியும் ஃபெயிலா" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள், தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கேள்விக்குச் சுமார் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று தெரியாதவருக்குப் பத்துப் புத்தகம் எதிரே இருந்தாலும் பயனில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் கல்லூரியில் படித்தது இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்த மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன, பார் தேர்வின் பாடத்திட்டத்திலும் சேர்ந்துவிட்டன. அந்த மூன்று பாடங்களிலிருந்து மட்டும் 26 கேள்வி வருகிறது. பழைய எண்கள் மனதில் ஊறிப்போனவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன், பழைய 438. உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. அதேபோல ஊருக்கே தெரிந்த 144, இப்போது மனைவி மக்கள் ஜீவனாம்சத்துக்கான பிரிவு, தடையுத்தரவு 163-க்கு மாறிவிட்டது. கொலைக்கான 302 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, மோசடிக்கான 420 இப்போது 318. பழைய எண்ணை நம்பி புத்தகத்தைக்கூடத் திறக்காமல் விடையைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர் நன்றாகப் படித்தவர்தான், அதனால்தான் அவருக்குத் தான் எங்கே தவறினோம் என்றே புரிவதில்லை. உங்கள் மகள் முதல் முறை, 2023 டிசம்பரில், எழுதியது பழைய சட்டத்தில். அதற்குச் சேர்த்த நோட்ஸையே அடுத்த இரண்டு முறையும் வைத்துப் படித்தாரா என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம் நீங்கள் கேட்ட இன்னொன்று, தமிழில் எழுதினால் சுலபமாக இருக்குமா என்பது. தமிழில் எழுத வசதி உண்டுதான். ஆனால் உங்கள் மகள் பெங்களூரிலேயே வளர்ந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, சட்டத்தை முழுக்க ஆங்கிலத்தில் கற்றவர். வீட்டில் பேசும் தமிழ் வேறு, 'உறுத்துக் கட்டளை' என்றும் 'மேல்முறையீட்டு வரம்பு' என்றும் வரும் தமிழ் வேறு. தமிழ்நாட்டில் தமிழ் வழியில் சட்டம் படித்தவருக்கு அது பலம், இவருக்கு ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் ஆங்கிலமாக்கிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். ஆங்கிலத்திலேயே எழுதட்டும்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் அவர் எழுதிய அந்த மூன்று தேர்வுகளின் வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் எடுத்து, கடிகாரத்தை வைத்து, தேர்வு நேரம் முழுக்க எழுந்திருக்காமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம் என்றால் கப்பன் பூங்காவில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்குப் போகட்டும். எழுதி முடித்ததும் பாடவாரியாக எத்தனை தப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும், மொத்த மதிப்பெண்ணைவிட அந்தக் கணக்குதான் தேவை. அரசியல் சட்டம் 10, உரிமையியல் நடைமுறை 10, குற்றவியல் நடைமுறை 10, தண்டனைச் சட்டம் 8, சாட்சியம் 8, குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம் சொத்து வகையறா சேர்ந்து 8, ஆக இந்த ஏழிலேயே 62 கேள்வி இருக்கிறது. இவற்றை நன்றாகப் பிடித்தாலே 45 வந்துவிடும். கம்பெனிச் சட்டம், சைபர் சட்டம், அறிவுசார் சொத்துரிமை எல்லாம் தலைக்கு இரண்டு கேள்விதான், அவற்றுக்காகத் தடிமனான கைடு வாங்கிப் படிக்க வேண்டாம், பிரிவுகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் இரண்டு தடவை பார்த்தால் போதும். தெரியாத கேள்வியையும் காலியாக விடக்கூடாது. விடைகளைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளில் வினாத்தாளின் செட் குறியீட்டை முதல் வேலையாக நிரப்ப வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே. காலையில் கோர்ட், மாலையில் சீனியர் ஆபீஸ், இரவு ஒன்பது மணிக்கு வீடு என்றால் எப்போது படிப்பார்? தேர்வுக்கு முன்னால் ஒரு மாதம் மாலை நேரத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று சீனியரிடம் அவரே கேட்க வேண்டும். ஜூனியர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், ஃபெயில் ஆன விஷயம் தெரிந்துவிடுமே என்று. சீனியருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்தான் இது, ஏனென்றால் பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெறவில்லை என்றால், தேர்ச்சி பெறும் வரை அவர் தன் பெயரில் வக்காலத்து போடவோ வாதாடவோ கூடாது. உங்கள் மகள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார். மனு தயாரிப்பதிலும் தீர்ப்பு தேடுவதிலும் சீனியருக்கு உதவலாம், அந்த எல்லையோடு நிற்க வேண்டும்.

அவருடைய அப்பா, இந்தத் தேர்வையே ரத்து செய்யப்போகிறார்கள், கேஸ் நடக்கிறது என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது முடிந்த கதை. தேர்வு நடத்த இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 பிப்ரவரி 10-ஆம் தேதியே சொல்லிவிட்டது. தேர்வு ரத்தாகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நீதிபதி தேர்வு எழுதும் ஆசையும் அவருக்கு இருக்கிறதாமே, நல்லது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பு சொன்னபோது, தற்காலிகப் பதிவு, அதாவது பார் தேர்வில் தேறுவதற்கு முன் செய்யும் பதிவு, அந்த நாளிலிருந்தே அனுபவத்தைக் கணக்கிடலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அதனால் கோர்ட்டில் அவர் செலவிட்ட காலம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் பணக் கஷ்டம் என்றால் அதையும் மறைக்க வேண்டாம், பெங்களூரில் கம்பெனிகளின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் பார் தேர்ச்சி பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது, சேர்ந்த விவரத்தைப் பார் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எது சரி என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும், அந்த மூன்று வினாத்தாள்களையும் எழுதிப் பார்த்த பிறகு பாடவாரிக் கணக்கோடு அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.