திருமலை நாயக்கரின் படை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை மகனை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனேன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தக் காசைப் படைக்குச் செலவழித்திருந்தால் ராஜ்ஜியம் நின்றிருக்குமேப்பா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்குக் கட்டடம் மட்டும்தான் பெரிதாக இருந்ததா?

க., மேலூர்

அன்புள்ள க.,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான், தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் நாயக்கர் படையைக் கவனிக்காமல் விடவில்லை. 1623இல் பட்டத்துக்கு வந்தவர், விஜயநகரத்துக்குத் திறை கட்டுவதை நிறுத்த வேண்டும் என்றே முப்பதாயிரம் பேர் கொண்ட படையைத் திரட்டினார். தலைநகரையும் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தார்.

ஊர் செழிக்கவும் வழி பார்த்தார். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார். அதனால்தான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது. வயல்வேலை ஓய்ந்த மாதம், சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் ஒரே ஊரில். பக்தியோடு வியாபாரமும் அவர் மனதில் இருந்தது என்றே நினைக்கிறேன். மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர் தோளில் தொங்கும் ஆட்டுத்தோல் பை, சர்க்கரைக் கிண்ணம், அதன்மேல் ஏற்றுகிற சூடம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடைக்காரர் பிழைக்கிறார்.

சரி, படை விஷயத்துக்கு வருகிறேன். இவருக்கு முன்பு மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக, அதாவது ஆளுக்கொரு பாளையக்காரர் ஆளும் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். பாளையத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மன்னருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு. கஜானாவில் கை வைக்காமலே போருக்கு ஆள் கிடைக்கும். ஆனால் அந்த ஆளுக்குச் சோறு போடுகிறவர் பாளையக்காரர். அவன் யார் பேச்சைக் கேட்பான்?

இதன் விலை என்னவென்று நாயக்கரின் கடைசிக் காலத்தில் தெரிந்தது. மைசூர்ப் படை அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பேர். நாயக்கரோ நோயில் படுத்திருந்தார். ஓடி வந்து காப்பாற்றியவர், அவருக்குத் திறை கட்டிவந்த ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி. பதிலுக்கு அவருக்குத் திருமலை சேதுபதி என்ற பட்டமும் திறை விலக்கும் கிடைத்தன. அதாவது ராஜ்ஜியம் பிழைக்க ஒரு பெரிய வருமானத்தையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். மகாலைக் கட்டாமல் அந்தக் காசை அதே பாளையக்காரர்களிடம் கொடுத்திருந்தாலும் இந்த நிலைமை மாறியிருக்காது.

அடுத்த முறை மதுரை வந்தால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிஞ்சியிருக்கும் கோட்டை வாசலுக்குத் தம்பியைக் கூட்டிப்போங்கள். மற்ற மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துவிட்டார். அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல். அதைச் சொல்லிவிட்டு அவனிடமே கேளுங்கள், இங்கே வேல் பிடித்து நின்றவனுக்குச் சம்பளம் யார் கொடுத்திருப்பார் என்று.