சட்டம் கேளுங்கள்: அரசுத் தரப்பில் நிற்கும் வழக்கறிஞர்

கேள்வி: ஐயா, சில ஆண்டுகள் தனியார் தரப்பில் ரிட் மனுக்கள் (அரசின் ஆணைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் மனுக்கள்) நடத்திய நான், அண்மையில் உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டிருக்கிறேன். அரசு ஊழியர்களின் பணி தொடர்பான வழக்குகளே எனக்கு ஒதுக்கப்படுகின்றன. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறை எழுதி அனுப்பும் பத்திவாரிக் குறிப்புகளை எதிர் உறுதிமொழிப் பத்திரமாக (மனுவுக்கு அரசு தரும் எழுத்துப் பதிலாக) மாற்றித் தாக்கல் செய்தால் போதும் என்று உடன் இருப்பவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பணி அவ்வளவுதானா?

பதில்: அவர்கள் சொல்வது நடைமுறையில் பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் அரசு தோற்கும் பணி வழக்குகளில் கணிசமானவை அந்த வழக்கத்தாலேயே தோற்கின்றன என்பது என் கணிப்பு. பத்திவாரிக் குறிப்பை எழுதுபவர் பெரும்பாலும் அந்தப் பிரிவின் உதவியாளர் அல்லது கண்காணிப்பாளர். மனுவின் ஒவ்வொரு பத்தியையும் மறுத்து எழுதுவதே அவருக்கு இடப்பட்ட வேலை. தண்டனை ஆணை எந்த நாளில், எந்த ஆவணத்தைப் பார்த்து, யாரால் முடிவு செய்யப்பட்டது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆகவே கட்டைப் பிரித்ததும் எதிர்க்கப்படும் ஆணையைத்தான் முதலில் படியுங்கள். மனுவும் குறிப்புகளும் பிறகு வரட்டும்.

காரணம் எளிது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, ஓர் ஆணை செல்லுமா என்பதை அதில் எழுதப்பட்டிருக்கும் காரணங்களைக் கொண்டே பார்க்க வேண்டும். பின்னால் தாக்கலாகும் உறுதிமொழிப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது. நாள்பட நாள்படச் சுவை கூடும் பழைய மதுவைப் போன்றவை அல்ல ஆணைகள் என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் அதில் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் பலர். எதிர் உறுதிமொழிப் பத்திரம் எழுதும்போது நினைவில் வைப்பவர்கள் குறைவு.

நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் ஒரு செயல்முறை ஆணையை, அதாவது துறை அலுவலர் பிறப்பிக்கும் தண்டனை ஆணையை, எடுத்துக்கொள்வோம். ‘பார்வை’ என்ற தலைப்பின் கீழ் ஏழெட்டுக் கடிதங்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். குற்றச்சாட்டுகள் இரண்டு பக்கங்களுக்கு அப்படியே திருப்பி எழுதப்பட்டிருக்கும். ஊழியர் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்த விளக்கத்துக்கு விடையாக, ‘மேற்படியாரின் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்ற ஒரே வாக்கியம் இருக்கும். அடுத்த வரியில் ஊதிய உயர்வு மூன்று ஆண்டுகளுக்குத் திரண்ட பயனுடன் (அந்த இழப்பு பின்வரும் ஊதியத்திலும் தொடரும்படி) நிறுத்தப்பட்டிருக்கும். வழக்கு வந்த பிறகு துறை உங்களுக்கு அனுப்பும் குறிப்பிலோ, விளக்கம் ஏன் ஏற்கத்தக்கதல்ல என்பதற்கு ஐந்து காரணங்களும், போதாக்குறைக்கு அந்த ஊழியர் முன்பு வாங்கிய தண்டனைகளின் பட்டியலும் இருக்கும். அந்த ஐந்து காரணங்களும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அவற்றை ஆணையில் இருந்ததுபோல் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆணையின் அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் அவர் பேச வேண்டியதே இல்லை.

எனவே மூலக் கோப்பை வரவழையுங்கள். அலுவலர்கள் தங்கள் கருத்தை எழுதும் குறிப்புப் பகுதியையும் சேர்த்துக் கேளுங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(அ)வின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்பட்டதா, 17(ஆ)வின் கீழா என்று பாருங்கள். முன்னது சிறு தண்டனைகளுக்கும் பின்னது பெருந்தண்டனைகளுக்கும் உரியது. 17(ஆ) என்றால், வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று ஊழியரிடம் கேட்கப்பட்டதா, வேண்டும் என்றவருக்கு அது நடந்ததா, சாட்சிகளை அவர் குறுக்கு விசாரணை செய்தாரா என்பவை கோப்பிலிருந்தே தெரிந்துவிடும். விசாரணை அறிக்கையின் நகல், தண்டனை முடிவாகும் முன்னரே அவருக்குத் தரப்பட்டதற்கான ஒப்புதல் கையொப்பத்தையோ அஞ்சல் ஒப்புகை அட்டையையோ உங்கள் கண்ணால் பாருங்கள். ‘வழங்கப்பட்டுள்ளது’ என்று அலுவலகம் தொலைபேசியில் சொல்வதை நம்ப வேண்டாம்.

நகல் தரப்படவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் கருத வேண்டியதில்லை. மேலாண்மை இயக்குநர், இசிஐஎல் (மத்திய அரசின் மின்னணு நிறுவனம்) எதிர் பி. கருணாகர் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்புச் சட்ட அமர்வு சொன்னது இதுதான்: நகலைப் பெறுவது ஊழியரின் உரிமை, ஆனால் தரப்படவில்லை என்ற ஒன்றுக்காகவே தண்டனை தானாக ரத்தாகிவிடாது, அதனால் அவருக்குப் பாதிப்பு நேர்ந்ததா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும், ரத்தானாலும் அறிக்கை வழங்கும் கட்டத்திலிருந்து விசாரணையைத் தொடர வழி உண்டு. குறையை ஒப்புக்கொண்டு இந்தத் தீர்ப்பை முன்வைக்கும் அரசு வழக்கறிஞருக்கு நீதிமன்றம் காது கொடுக்கிறது. குறையே இல்லை என்று சாதித்து, பிறகு கோப்பைக் கொண்டுவரச் சொல்லி மாட்டிக்கொள்பவருக்கு அடுத்த வழக்கிலும் அந்த மதிப்பு திரும்புவதில்லை.

நடைமுறை சரியாக இருக்கும் வழக்குகளில் நீங்கள் நிமிர்ந்து வாதாடலாம். பி.சி. சதுர்வேதி வழக்கில் 1995இல் சொல்லப்பட்டபடி, நீதிமன்றம் பார்ப்பது முடிவு எடுக்கப்பட்ட முறையை. சாட்சியங்களை மறுபடி எடைபோட்டுத் தன் முடிவைத் துறையின் முடிவுக்குப் பதிலாக வைப்பது அதன் வேலை அல்ல. தண்டனையின் அளவிலும், மனச்சாட்சியை அதிரவைக்கும் அளவுக்கு அது மிகையாக இருந்தாலன்றி நீதிமன்றம் தலையிடுவதில்லை.

கேள்வி: நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். என் மீது துறை விசாரணை நடக்கிறது. விசாரணை அலுவலரும் அரசு ஊழியர், குற்றச்சாட்டை எடுத்துரைப்பவரும் அரசு ஊழியர், நாளை வழக்குப் போட்டால் எதிரே நிற்பவரும் அரசு வழக்கறிஞர். இதில் எனக்கு நியாயம் எங்கிருந்து கிடைக்கும்?

பதில்: உங்கள் ஐயம் இயல்பானது. ஆனால் நீங்கள் குறிப்பிடும் மூவருக்கும் சட்டம் வெவ்வேறு இடங்களைத் தந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எதை எப்போது கேட்பது என்று உங்களுக்குப் புலப்படும்.

விசாரணை அலுவலர் துறையின் பிரதிநிதி அல்லர். உத்தரப் பிரதேச அரசு எதிர் சரோஜ் குமார் சின்கா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அவர் சார்பற்ற தீர்ப்பாளரின் இடத்தில் இருப்பவர், ஊழியர் வரவில்லை என்றாலும், குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று துறையின் சான்றுகளை அவர் ஆராய வேண்டும். ரூப் சிங் நேகி வழக்கில், ஓர் ஆவணத்தை மேசைமேல் வைத்துவிட்டால் மட்டும் அதன் உள்ளடக்கம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது, அதைச் சொல்லச் சாட்சி வேண்டும் என்று கூறப்பட்டது. எனவே ஒவ்வோர் அமர்விலும் யார் வந்தார்கள், எந்த ஆவணம் யார் மூலமாகச் சான்றாகக் குறியீடு செய்யப்பட்டது என்பதைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட ஆவணம் மறுக்கப்பட்டால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பின்னாளில் என்னைப் போன்ற ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது, உங்களுக்காகப் பேசப்போவது இந்தத் தாள்கள்தாம்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை துறை விசாரணையில் பொதுவாகக் கிடையாது. ஆனால் துறை தன் தரப்பை எடுத்துரைக்கச் சட்டம் பயின்ற ஒருவரை அமர்த்தியிருந்தால், ஊழியருக்கும் அந்த வாய்ப்பை மறுக்கக் கூடாது என்பது பம்பாய் துறைமுகப் பொறுப்புக் கழகம் எதிர் நட்கர்னி வழக்கில் ஏற்கப்பட்ட நெறி. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அஜய் குமார் சௌத்ரி வழக்கில் 2015இல் சொல்லப்பட்ட மூன்று மாத வரம்பையும் பாருங்கள்: அதற்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிட்டால் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டிக்கக் கூடாது.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவி நான். அரசு தோற்ற வழக்குகளில் எல்லாம் மேல்முறையீடு செய்வது அரசு வழக்கறிஞரின் கடமையா? அவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும், சொல்லவும் வேண்டும். தீர்ப்பு நகல் வந்ததும், மேல்முறையீட்டுக்கு உகந்ததா என்று அரசு வழக்கறிஞர் கருத்துரை எழுதித் துறைக்கு அனுப்புவது வழக்கம். இந்தப் பணியில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது அந்த ஒன்றிரண்டு பக்கங்கள்தாம். ‘உகந்தது’ என்று எழுதுவதில் யாருக்கும் தொல்லை இல்லை. அதற்காக யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ‘உகந்தது அல்ல’ என்று எழுதுபவரோ காரணம் காட்ட வேண்டும். சில அலுவலர்களின் முகச்சுளிப்பையும் தாங்க வேண்டும். அதனால் பலரும் எளிய வழியில் போகிறார்கள்.

அதன் விளைவை, கெடு கடந்த பிறகு தாமதத்தைப் பொறுக்கக் கோரும் தாமத மன்னிப்பு மனுக்களில் பார்க்கலாம். தனி நீதிபதியின் ஆணைக்கு எதிராக இரு நீதிபதிகள் அமர்வுக்குச் செல்ல 30 நாட்கள்; உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவுக்குப் பொதுவாக 90 நாட்கள். கோப்பு பிரிவிலிருந்து துறைத் தலைமைக்கும், அங்கிருந்து தலைமைச் செயலகத்துக்கும், சட்டத் துறைக்கும் போய்த் திரும்புவதற்குள் இந்த நாட்கள் கரைந்துவிடுகின்றன. 1987இல் கட்டிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தாமதத்தைத் தாராளமாக அணுகச் சொன்னது. 2012இல் லிவிங் மீடியா வழக்கில், 427 நாள் தாமதத்துக்குக் கோப்பு நகர்ந்த கதையைச் சொன்ன அஞ்சல் துறையை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசுக்கென்று தனிச் சலுகை இல்லை என்றது. 2020இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் பெருலால் வழக்கில் தாமதம் 663 நாட்கள். தள்ளுபடி ஆனது என்று ஒரு சான்றிதழ் வாங்கிக் கோப்பை மூடுவதற்காகவே இத்தகைய மனுக்கள் வருகின்றன என்று கண்டித்து, 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அலுவலர்களிடம் வசூலிக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உண்மையில் மேல்முறையீட்டுக்கு உரியவை குறைவு. ஒரு விதியின் பொருள் மாறிப்போய்ப் பல நூறு ஊழியர்களைத் தொடும் தீர்ப்பு, முந்தைய பெரிய அமர்வின் தீர்ப்புக்கு முரணான தீர்ப்பு ஆகியவற்றுக்குப் போக வேண்டும். ஒரே ஊழியருக்கு ஓர் ஊதிய உயர்வைத் திருப்பித் தரச் சொன்ன தீர்ப்புக்கு, அதைவிட அதிகமான தொகையைச் செலவழித்து உச்ச நீதிமன்றம்வரை போவதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

கேள்வி: அரசு வழக்கறிஞர் ஆவதற்குத் தேர்வு உண்டா?

பதில்: குற்றவியல் நீதிமன்றங்களுக்கான உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் வழக்குகளை நடத்துபவர்களை அரசே நியமிக்கிறது. தலைமை வழக்கறிஞர் பதவி மட்டும் அரசமைப்புச் சட்டத்தின் 165ஆம் பிரிவின்படி ஆளுநரால் நிரப்பப்படுவது. தகுதி பாராமல் விருப்பம்போல் நியமிக்கக் கூடாது என்று பிரிஜேஷ்வர் சிங் சாகல் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அது எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகிறது என்பதை நீதிமன்ற வளாகத்தில் நிற்பவர்களே அறிவார்கள்.

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். தண்டனையை எதிர்த்துத் துறையில் மேல்முறையீடு செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன, பதில் இல்லை. காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, துறைக்குள் இருக்கும் வழிகளை முதலில் பயன்படுத்தச் சொல்கிறது; ஆனால் மேல்முறையீடு செய்து ஆறு மாதங்கள் கடந்தும் ஆணை வராவிட்டால், அந்த வழி முடிந்ததாகவே கொள்ளப்படும். அந்த ஆறு மாதங்கள் முடிந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் நீங்கள், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. உங்கள் கணக்கில் இரண்டு மாதங்கள் ஏற்கெனவே போய்விட்டன. நடுவில் நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினால் கெடு நீளும் என்று நம்ப வேண்டாம். நீளாது, தாமதத்தைச் சுட்டுவதே எதிரே நிற்கும் அரசு வழக்கறிஞரின் முதல் வாதமாக இருக்கும். தீர்ப்பாயத்தின் முடிவு உங்களுக்கு எதிராக அமைந்தால், 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் சொல்லப்பட்டபடி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வை அணுகலாம். மனுவுடன் மேல்முறையீட்டின் நகலையும், அது துறையைச் சென்றடைந்த நாளைக் காட்டும் ஒப்புகையையும் இணைக்க மறக்காதீர்கள்.